மூடுபனிக்குள் நீ கூப்பிட்ட காலை

மக்களே,

வால்பாறை பஸ் நிலையத்தில் நான் உன் முகத்தைப் பார்க்காமலேயே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஏழு மாத வயிற்றோடு நீ ஜன்னலுக்குக் கீழே நின்று, "அப்பா, வீட்டுக்குப் போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்க" என்றாய். நான் முன் சீட்டின் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பித் திரும்பும்போதுகூட நான் கையைத் தூக்கவில்லை. "அப்பாக்கு எம்மேல தீராத கோவம்" என்று நீ சொல்லி அழுததாக, உன்னோடு அங்கேயே தங்கிவிட்ட உன் அம்மா போனில் சொன்னாள். கோபம் இல்லை மக்களே. கோபமாக இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன், உனக்கே தெரியும். அது பயம். அந்தப் பயத்தை உன் முன்னால் காட்ட வெட்கமாக இருந்தது. வாயைத் திறந்தால் என்ன வந்து விழும் என்று தெரியாமல்தான் வாயை மூடிக்கொண்டு மலை இறங்கினேன். நம் ஊர் முட்டத்தில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் என்னைத்தான் தேடி வருவார்கள். பேச வராதது எனக்கு எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் அங்கே வந்ததே உன்னைக் கூட்டிக்கொண்டு வரத்தான். ஏழாம் மாதம் பலகாரம் கொண்டு போய்க் கொடுத்து, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். உன் அம்மா ஒரு வாரம் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் முறுக்கும் டின் டின்னாக அடுக்கி, எண்ணெய் வாடை ரயில் பெட்டி முழுக்க மணக்க மணக்க நாகர்கோவிலில் ரயில் ஏறினோம். பொள்ளாச்சியில் இறங்கி மலை பஸ் பிடித்தோம். ஆழியாறு அணையைத் தாண்டியதும் வளைவுகள் ஆரம்பித்தன. ஒவ்வொரு வளைவிலும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள். யாருக்கு வேண்டும் அந்த நம்பர்? எனக்கு அது இன்னும் எத்தனை தடவை சாகப் போகிறேன் என்று சொல்வது போல இருந்தது. உன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து, "பாருங்க, அணை எவ்வளவு சின்னதா தெரியுது, ஒரு கிண்ணம் மாதிரி" என்று சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடலில் அலை வள்ளத்தைத் தூக்கிப் போடும்போது பயந்தவன் இல்லை நான். கீழே விழுந்தால் தண்ணீர்தானே என்ற தைரியம். இங்கே விழுந்தால் கல்.

மேலே வந்ததும் அந்தப் பச்சையைப் பார்க்க நான் கண்ணைத் திறந்தேன் என்பதும் உண்மைதான். சீவிவிட்ட தலைமுடி மாதிரி மலை முழுக்க ஒரே மட்டமாகத் தேயிலை. நடுநடுவே நெட்டையாகச் சில்வர் ஓக் மரங்கள். பஸ்ஸில் எங்களுக்கு முன்னால் இருந்த சுற்றுலாப் பிள்ளைகள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அவர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டு இறங்கிப் போகிறவர்கள். என் மகள் இந்த எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ், இங்கேயே இருக்கிறவள். அந்த நினைப்பு வந்ததும் பச்சை கொஞ்சம் கறுத்துப் போனது. உங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், சமையலறைச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் புதுச் சிமெண்டாக இருந்தது. "இது என்ன மருமகனே?" என்று கேட்டேன். பிரபு சிரித்துக்கொண்டே, "போன மழைக்கு ஆனை வந்து தள்ளிருச்சு மாமா. உள்ள அரிசி மூட்டை இருந்துச்சு. நாங்க அன்னைக்கு ஊர்ல இல்ல" என்றான். அவன் அதைச் சொன்ன விதம், பக்கத்து வீட்டு ஆடு வந்து செடியைக் கடித்துவிட்டது என்பது போல இருந்தது. நீயும் சிரித்தாய். அந்த ராத்திரி நான் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது.

மறுநாள் காலை நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறாய். என் பக்கத்திலிருந்து யாருக்கும் நான் முழுதாகச் சொல்லவில்லை.

விடிந்துவிட்டது. ஆனால் வெளிச்சம் இல்லை. கதவைத் திறந்தால் எதிரே இருந்த வேலியே தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. பிரபு தேயிலை ஃபாக்டரி ஷிப்டிலிருந்து இன்னும் திரும்பவில்லை. நீயும் அம்மாவும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். இத்தனை வருடமும் விடியும்போது கடற்கரைக்குப் போய் நின்று பழகிய உடம்பு எனக்கு. படுக்கையில் கிடந்தால் முதுகு நோகும். போன் சார்ஜில் இருந்தது. சின்னதாக ஒரு நடை போய்விட்டு வரலாம், அவர்கள் எழுந்திருப்பதற்குள் திரும்பிவிடலாம் என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கினேன். ரோட்டில் கொஞ்ச தூரம் போனேன். அங்கிருந்து தேயிலைக்குள் ஒரு மண்பாதை இறங்கியது. அதன் கடைசியில், பனிக்குள் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எங்கள் கரையில் விளக்கு என்றால் அங்கே ஆள் இருக்கிறது, அங்கே போகலாம் என்று அர்த்தம். டீக்கடையோ, செக்போஸ்ட்டோ இருக்கும் என்று நினைத்தேன். அந்த விளக்கை நோக்கியே நடந்தேன். யானை பக்கத்தில் வந்திருக்கிறது, யாரும் இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்வதற்காகக் கம்பத்தில் போட்டிருக்கும் விளக்கு அது என்று முந்தின நாள் நீ அம்மாவிடம் சொல்லிக் கொடுத்தாயாம். நான் அப்போது பயணக் களைப்பில் கட்டிலில் கிடந்தேன்.

நடக்க நடக்கப் பனி தடித்தது. பாதை இரண்டாகப் பிரிந்தது, நான் ஒன்றில் போனேன். விளக்கு எந்தப் பக்கம் என்பது தெரியாமல் போனது. திரும்பிப் பார்த்தால் வந்த வழியும் இல்லை. அப்போது ஒரு இன்ஜின் சத்தம் கேட்டது. வள்ளத்து இன்ஜின் பழுது பார்க்கிற பட்டறைக்காரன் நான், இன்ஜின் சத்தம் கேட்டால் போதும், காது தானாக அங்கே போகும். டீசல் இன்ஜின் ஐடிலில் நின்று தாழ்வாக உறுமுகிற சத்தம். டீசல் பீய்ச்சும் நாஸில் சரியில்லை, விட்டுவிட்டு ஓடுகிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எஸ்டேட் ஜீப் ஏதோ நிற்கிறது, வழி கேட்டுக்கொள்ளலாம் என்று சத்தத்தைப் பார்த்து நடந்தேன். "தம்பி, யாரு?" என்று கேட்கக்கூடச் செய்தேன், மெதுவாக. பனி கொஞ்சம் விலகியது. நான் சில்வர் ஓக் மரம் என்று நினைத்த ஒன்று மடங்கி, ஓரடி முன்னால் வைத்தது.

அது கால் என்று என் புத்திக்கு எட்டும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் மேலே பார்த்தேன். தலை பனிக்குள் இருந்தது, ஒரு காது மட்டும் தெரிந்தது, அது அசைந்தது. வயிற்றுக்குள்ளிருந்துதான் அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி நின்றது. தும்பிக்கையைத் தாயின் காலில் தேய்த்துக்கொண்டிருந்தது. பார்க்க எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! எனக்கோ ஒளிய இடம் தேடத்தான் தோன்றியது. பக்கத்தில் இருந்த மரத்தின் பின்னால் எப்படிப் போனேன் என்று தெரியாது. அந்த மரம் என் உடம்பில் பாதியைக்கூட மறைத்திருக்காது. மூச்சை விடாமல் நின்றேன். பல் அடிக்கிற சத்தம் கேட்டுவிடுமோ என்று துண்டை வாயில் கடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

"அப்பா... அப்போய்..."

முதலில் தூரத்தில், ரோட்டுப் பக்கம் மேலே. பிறகு கொஞ்சம் பக்கத்தில். நீ என்னைத் தேடி அந்த மண்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கிறாய் என்று குரலை வைத்தே எனக்குத் தெரிந்தது. எனக்கும் உனக்கும் நடுவில் அந்தத் தாயும் குட்டியும். அவை அந்த இடத்தில் நிற்பது உனக்குத் தெரியாது. பாதை வளைந்து அவற்றின் பக்கத்தில்தான் வருகிறது. நான் பதில் சொன்னால் நீ என் குரலைப் பார்த்து நேராக வருவாய், யானையின் மேலேயே வந்து மோதுவாய். பதில் சொல்லாவிட்டால் நீ இன்னும் பதறி, இன்னும் கீழே இறங்குவாய். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொன்னேன். பிரபுவிடம், உன்னிடம், பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம். "என்ன செய்யதுன்னு யோசிச்சிட்டு நின்னேன்" என்றேன். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். அதில் பாதிதான் உண்மை மக்களே. மீதிப் பாதி, நான் வாயைத் திறந்தால் அது என் பக்கம் திரும்பும் என்ற பயம். நீ மறுபடி கூப்பிட்டாய். நான் பதில் சொல்லவில்லை. மறுபடியும் கூப்பிட்டாய். துண்டை இன்னும் இறுக்கிக் கடித்தேன். பெற்ற பிள்ளை, வயிற்றில் பிள்ளையோடு, சாவைப் பார்த்து நடந்து வருகிறது. அப்பன் மரத்துக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னும் முடியாமல் அது எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் உன் குரலில் ஏதோ மாறியது. அதுவரை தேடுகிற குரலாக இருந்தது. பிறகு அழுகை கலந்துவிட்டது. நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் புயலில் எங்கள் வள்ளம் கவிழ்ந்து, நான் பல நாள் திரும்பி வராமல் போனேனே, ஞாபகம் இருக்கும். கேரளக் கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து என்னைக் கூட்டி வந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு உன் அம்மா சொன்னாள், "இவ தெனமும் முட்டத்துப் பாறையில ஏறி நின்னு, அப்பா அப்பான்னு கடலப் பாத்துக் கத்துவா, தொண்ட கட்டிப் போச்சு" என்று. நான் சிரித்தேன். "எங்க கெடந்தேன் நான், இவ கத்தினா கேக்குமா?" என்று உன் தலையைத் தடவினேன். கரையில் நிற்கிறவர்களின் குரல் கடலுக்குள் கேட்காது. அதனால்தான் நாங்கள் கடலுக்குப் போக முடிகிறது என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் காலையில் மலையில் எனக்குக் கேட்டது. நீ என்னைத் தேடினால் எப்படிக் கூப்பிடுவாய் என்பதை இந்த வயதில் முதல் தடவையாக என் காதால் கேட்டேன். அதைக் கேட்டபின் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

துண்டைத் துப்பிவிட்டுக் கத்தினேன். "மக்களே, வராதே! ஆனை நிக்கிது! ஓடு, மேல ஓடு!"

உறுமல் நின்றது. அந்த அமைதி உறுமலை விட மோசம். பிறகு ஒரு பிளிறல். அதைக் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. நான் ஓடினேன். தேயிலைச் செடி முட்டியளவில் இரும்பு வேலி மாதிரி இருக்கிறது, மேலே பார்த்தால்தான் மெத்தை. எங்கோ கால் இடறி, மழைத் தண்ணீர் வடிய வெட்டிவிட்டிருந்த ஒரு குறுகலான பள்ளத்தில் விழுந்தேன். கணுக்கால் பிசகியது. எழும்ப முடியவில்லை. முகத்தைச் சேற்றில் அமுக்கிக்கொண்டு கிடந்தேன். தரை அதிர்ந்தது. எனக்கு மேலே செடிகள் முறிந்தன. பள்ளத்தின் விளிம்பில் மண் சரிந்து என் முதுகில் விழுந்தது. சூடான மூச்சு என் கழுத்தில் பட்டது, புல்லும் சாணமும் கலந்த வாடை. ஜெபம் சொல்லலாம் என்று பார்த்தால் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. உன் பெயர்கூட வரவில்லை. முதுகில் ஏதோ தட்டித் தடவியது. அது தும்பிக்கையா, முறிந்த கிளையா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அப்போது மேலேயிருந்து கை தட்டுகிற சத்தம் வந்தது. "ஏய்! இந்தா! இங்க பாரு! ஏய், இங்க வா!" நீ. ஓடு என்று சொன்னேனே, நீ ஓடவில்லை. என்னிடமிருந்து அதைப் பிரிக்க அதை உன்னிடம் கூப்பிட்டாய். தட்டிக்கொண்டே இருந்தாய். மூச்சு என் கழுத்தை விட்டு விலகியது. தரை மறுபடி அதிர்ந்தது, இந்தத் தடவை என்னை விட்டு, உன் பக்கமாக. எனக்கு நடந்ததிலேயே மோசமானது அதுதான் மக்களே. அது என் மேல் நின்றபோது எனக்கு என் உயிரைப் பற்றி மட்டும்தான் பயம். அது உன்னைப் பார்த்துப் போனபோது, ஒன்றுக்கு இரண்டு உயிர். நான் பள்ளத்தில் கையை ஊன்றி எழும்பப் பார்த்தேன், சரிந்து விழுந்தேன். கை தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. நான் உன்னைக் கூப்பிட்டேன். இப்போது நீ பதில் சொல்லவில்லை.

பிறகுதான் தட்டுகளைத் தட்டுகிற சத்தமும் ஜீப் ஹாரனும் கேட்டன. வேலைக்குப் புறப்பட்ட பெண்கள் பிளிறலைக் கேட்டு ஓடி வந்திருக்கிறார்கள். ஜீப்பில் வந்த காவலர்கள் பட்டாசு வெடித்தார்கள். தாயும் குட்டியும் சோலைக்காட்டுப் பக்கம் இறங்கிப் போய்விட்டன என்று யாரோ கத்தினார்கள். யாரும் உன்னைப் பற்றி எதுவும் கத்தவில்லை. என்னைத் தூக்க வந்த பாக்கியத்திடம், "எம் மக எங்க? எம் மக எங்க?" என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். "இருக்கா ஐயா, கொழுந்து எடை போடுற கொட்டகைக்குள்ள ஒக்காந்திருக்கா. நல்லாருக்கா" என்று அவள் சொன்ன பிறகும் நான் நம்பவில்லை. யானை உன் பக்கம் திரும்பியதும் நீ அதற்குள் ஓடி நுழைந்திருக்கிறாய். கல் தூண்களுக்கு நடுவே தரையில் காலை நீட்டி, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஒரு செருப்பு இல்லை. என்னைப் பார்த்ததும், "அப்பா, ஒங்களுக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கா? சொல்லாம கொள்ளாம எங்க போனீங்க?" என்று அழுதாய், உடனே சிரித்தாய், அதே நேரம் என் கணுக்காலைப் பிடித்து எலும்பு முறிந்திருக்கிறதா என்று அழுத்திப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். நர்ஸ்!  

அன்று மத்தியானம் நாம் போட்ட சண்டை உனக்கு ஞாபகம் இருக்கும். "இன்னைக்கே கெளம்பு, ஒரு நிமிஷம் இஞ்ச இருக்கப்பிடாது" என்றேன். "அப்பா, இங்க ஆஸ்பத்திரில நான் ஒருத்திதான் பிரசவம் பாக்கத் தெரிஞ்ச நர்ஸ். அடுத்த மாசம் வரைக்கும் நாலு பேரு நாள் எண்ணிட்டு இருக்காங்க. ஒம்பதாம் மாசம் நானே வாறேன்" என்றாய். "அதுக்குள்ள அது ஒன்னக் கொன்னிரும்" என்றேன். "கொல்லல்லியே" என்றாய். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நான் கையில் இருந்த டம்ளரை வீசினேன். தேயிலைத் தண்ணீர் புதுச் சிமெண்ட் சுவரில் வழிந்தது. பிரபு ஒரு துணியை எடுத்து அதைத் துடைத்தான். நல்ல பையன். நான் அவனிடம் அதற்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு நேரில் மன்னிப்புக் கேட்பேன்.

நீ உள்ளே போய்ப் படுத்த பிறகு உன் அம்மாவிடம், "நீயாவது சொல்லு. நீ சொன்னா கேப்பா" என்றேன். அவள் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "நீங்க வள்ளம் எறக்கும்போ நான் ஒரு நாளாவது போவாதீங்கன்னு சொல்லியிருக்கேனா?" என்று கேட்டாள்.

"சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நின்னிருப்பீங்களா?"

நான் ஒரு கொத்துக் கீரையை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

"நான் பயந்துட்டே சோறு பொங்கினேன். பயந்துட்டே இவளப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். ஒங்களுக்கு ஒரே ஒரு நாள் காலையிலதான் அந்தப் பயம் கெடச்சிருக்கு. அதுக்கே டம்ளர ஒடைக்கீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கீரைக் காம்பை ஒடிப்பது போலச் சொன்னாள். பிறகு, "நான் இஞ்சதான் இருக்கப் போறேன், இவ கூட. நீங்க வேணும்னா இரிங்க, இல்லன்னா போங்க" என்றாள். நான் மறுநாள் கிளம்பினேன். உன் முகத்தைப் பார்த்தால், நான் பதில் சொல்லாமல் நின்ற அந்த நேரத்தைச் சொல்லிவிடுவேன் என்று பயம். சொல்லாமல் உன்னோடு ஒரே வீட்டில் இருக்கவும் முடியாது. அதனால்தான் முன் சீட்டுக் கம்பி.

முட்டத்துக்கு வந்து பட்டறையைத் திறந்தேன். கடியப்பட்டணத்துக்காரன் ஒருவன் வள்ளத்து இன்ஜினைக் கொண்டு வந்து இறக்கினான். நாஸிலை மாற்றி ஸ்டார்ட் செய்தேன். அது ஐடிலில் நின்று தாழ்வாக உறுமியதும் ஸ்பேனர் என் கையிலிருந்து விழுந்தது. "என்ன மாமா, சொகமில்லையா?" என்றான். "சூடு பட்டிட்டு" என்று பொய் சொன்னேன். பிழைப்புக்குக் கேட்டுப் பழகிய சத்தமே எனக்கு எதிரியாகிவிட்டது. கோட்டாற்றில் டாக்டரிடம் கணுக்காலைக் காட்டப் போனவன் மனதையும் காட்டினேன். அவர் மாத்திரை எழுதினார், கடற்கரையில் நடங்கள் என்றார். நடக்கிறேன். பனி இல்லாத, மறைவு இல்லாத கரை. எல்லாம் தெரிகிறது, ஆனால் நீ தெரியவில்லை.

முந்தாநாள் அம்மா போன் செய்தாள். உனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, வளைவு வளைவாக மலை இறங்கக் கூடாது, படுக்கையில்தான் இருக்க வேண்டும், பிரசவம் அங்கேயேதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாள். நீ போனை வாங்கி, "ஒண்ணும் இல்லப்பா, கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான்" என்றாய். நர்ஸ்கள் சொல்கிற "ஒண்ணும் இல்ல" என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? அந்தக் காலையால்தான் இது வந்ததா என்று கேட்டேன். "இல்லப்பா, இது யாருக்கும் வரும்" என்றாய். நீ சொல்வது உண்மையாகவே இருக்கலாம். எனக்கு அதை நம்பத் தைரியம் இல்லை.

இனி உனக்கு நான் புத்தி சொல்ல வேண்டும், அப்பன் கடிதம் என்றால் அதற்குத்தானே. என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. படுக்கையை விட்டு எழுந்திருக்காதே. அந்த நாலு பெண்களுக்கும் வேறு நர்ஸைக் கேட்டு எழுதிப் போடு, மனு வேண்டுமென்றால் நான் எழுதுகிறேன். பிள்ளை பிறந்து வளர்ந்தால், பயப்படாதே என்று அதற்குச் சொல்லிக் கொடுக்காதே. நான் உனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். கடல்காரன் மகள் அழப்பிடாது, பயப்படப்பிடாது என்று. அதன் பலனை அந்த மண்பாதையில் கண்டேன். பயந்தால் ஓடிவிடலாம் என்று அதற்குச் சொல். அப்பனையே விட்டுவிட்டு ஓடலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல். நீ ஓடியிருந்தால் நான் சந்தோஷமாகச் செத்திருப்பேன் என்று எழுத நினைத்தேன். அது பொய். சாக எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. நீ கை தட்டியதால்தான் இதை எழுத எனக்குக் கை இருக்கிறது. அதற்கு நன்றி சொல்லவும் தெரியவில்லை, அதை மன்னிக்கவும் தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் உன் முன்னால் வந்து நிற்பேன்.

நாளை சாயங்காலம் ரயில் ஏறுகிறேன். பட்டறைச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன், எப்போது திரும்புவேன் என்று சொல்லவில்லை. பிள்ளை பிறந்து, நீ எழுந்து நடமாடும்வரை அங்கேதான். இந்தக் கடிதத்தை நானே கொண்டு வந்து உன் தலைமாட்டில் வைப்பேன். நான் பக்கத்தில் இருக்கும்போது வாசிக்காதே. பஸ் நிலையத்துக்கு நீ வரக் கூடாது, பிரபு வந்தால் போதும் என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். பொள்ளாச்சியில் இறங்கி அந்த மலையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும்போது எனக்குக் கால் நடுங்கும். இப்போது நினைத்தாலே நடுங்குகிறது. நடுங்கட்டும். மேலே ஏறுவது பஸ்தானே.

அப்பா